பல்பைப் பிடுங்காத வயர்மேன்

அவர் ஒருநாளும் வேலைக்கு வந்த வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் இடதுபக்கக் கதவைத் திறந்து, பயணியைப் போல ஏறி உட்கார்ந்துகொள்வார். மடியில் ஒரு பழைய துண்டு. சட்டைப் பையில் இரண்டு வயர் தொங்கும் ஒரு சின்ன பல்ப். "ஓட்டு" என்பார். அவ்வளவுதான். நாம் ஓட்ட வேண்டும். அவர் ரோட்டைப் பார்க்க மாட்டார், நம்மையும் பார்க்க மாட்டார், மீட்டரையே பார்த்துக்கொண்டு வருவார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் பின்சந்துகளில் நாலு சுற்று சுற்றி முடிப்பதற்குள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அப்போது இன்னும் மோசம். எண்பதுகளின் நடுவில் நான் கிள்ளானிலிருந்து தினமும் வாழையிலை ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காப்பார் பக்கம் இரண்டு மூன்று தோப்புகளில் அறுத்து, கட்டி, ஏற்றி, பத்து மணிக்குள் கடைகளில் இறக்கியாக வேண்டும். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார். அதனால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஒரு பழைய பிக்கப்பை ஓட்டினேன். எனக்கு முன்னால் அது மூன்று பேரிடம் இருந்து வந்தது. அதன் டேஷ்போர்டில் ஏதாவது ஒரு சிவப்பு விளக்கு எரியாத நாளே இருந்ததில்லை.

முதலில் அவரிடம் போனது பேட்டரி விளக்குக்காக. அதற்குள் கிள்ளானில் மூன்று கடை ஏறி இறங்கியாகிவிட்டது. ஒருவர் புது பேட்டரி போட்டார், ஒருவர் பெல்ட்டை மாற்றினார், மூன்றாமவர் டைனமோவையே மாற்றச் சொன்னார். விளக்கோ அசையவில்லை, மங்கலாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. நான் இலை போடும் கடையின் முதலாளிதான், சந்தின் கடைசியில் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரை ஒட்டி ஒரு வயர்மேன் இருக்கிறார், அவரிடம் காட்டுங்கள் என்றார். வண்டியின் மின்சார வேலை பார்ப்பவர்களை இங்கே வயர்மேன் என்போம். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவருடைய பெயரை நான் தெரிந்துகொண்டது வெகுநாள் கழித்து. இப்போதும் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

எப்போது எரிகிறது என்று கேட்டார். எப்போதும்தான் எரிகிறது என்றேன்.

"எப்பவும்னா நீ எப்பவும் அதையே பாத்துக்கிட்டு இருந்திருக்கணும். பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய நாள்காட்டியின் பழைய தாள்களில் ஏழெட்டை எடுத்து வந்தார். தினம் ஒன்று கிழிப்போமே, அந்தத் தாள். கிழித்ததையெல்லாம் ஒரு ஆணியில் குத்தி வைத்திருப்பார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். விளக்கு எரியும்போதெல்லாம் இதில் எழுது, மழையா வெயிலா, சரக்கு இருந்ததா, எந்தப் பக்கம் திரும்பினாய், வேறு எது ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் எழுதிக்கொண்டு அடுத்த வாரம் வா என்றார். வண்டியைத் தொடக்கூட இல்லை. நான் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே கிள்ளான் வந்து சேர்ந்தேன். வைத்தியரிடம் போனவளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புகிறாரே என்று.

ஆனாலும் எழுதினேன். கோபத்தில் கிறுக்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மழை, வைப்பர் ஓடியது. மழை, வைப்பர். சாயங்காலம், முன் விளக்கு போட்டிருந்தேன். வெயில், எரியவில்லை. ஒரு வாரம் கழித்து அந்தத் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, குந்தி உட்கார்ந்து, எழுத்துக்கூட்டுபவர் போல ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு வண்டிக்கு அடியில் போனார். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் முனை, தோப்புச் சேறு அப்பி அப்பித் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிக் கட்டினார். கால் மணி நேர வேலை. விளக்கு அணைந்துவிட்டது, அப்புறம் எரியவே இல்லை. புது பேட்டரி போட்டவனை நினைத்து எனக்கு வந்த வயிற்றெரிச்சல் கொஞ்ச நஞ்சமல்ல.

இதுதான் அவர். விளக்கு ஏன் எரிகிறது என்று தெரியாமல் அதை அணைக்க மாட்டார். மற்ற கடைகளில் அதற்குச் சுலபமான வழி ஒன்று இருந்தது. மீட்டர் போர்டைக் கழற்றி, அந்தச் சிவப்பு பல்பைப் பிடுங்கிவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். இரண்டு நிமிடம் ஆகாது. பழைய வண்டி விற்கிறவர்கள் பாதிப் பேர் இதைச் செய்தார்கள், வாங்குகிறவர்களும் அரசல்புரசலாக அறிந்திருந்தார்கள். வயர்மேனிடம் அதைக் கேட்டால், கேட்டவர் யாராக இருந்தாலும் சாவியைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார். சண்டை போட மாட்டார், புத்திமதி சொல்ல மாட்டார். "வேற கடை பாருங்க லா" என்பார். அவருக்குத் தெரியாத கோளாறு என்றால், "இன்னும் தெரியல" என்று சொல்லி, எரிகிற விளக்கோடு வண்டியைத் திருப்பிக் கொடுப்பார். எத்தனையோ பேர் அவர் முகத்துக்கு நேராகவே ஏசிவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

வண்டி வேலை முடியக் காத்திருக்கும்போது அவருடைய மனைவி எனக்குக் கருப்புக் காப்பி கொண்டுவந்து கொடுப்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரும் அம்மா, குரல் தாழ்ந்தே இருக்கும். ஒருநாள் அந்த அம்மா கண் கலங்கி ஒரு கதை சொன்னார். அவர்களுடைய மகளைப் பெண் பார்க்க கிள்ளானிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்திருக்கிறது. எல்லாம் பிடித்துப்போய் மாப்பிள்ளை வீட்டார் எழுந்திருக்கும் நேரத்தில், நம் வயர்மேன் வாயைத் திறந்து, பிள்ளைக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும், பத்து வயதுக்கு மேல் வந்ததில்லை, ஏன் வந்தது ஏன் நின்றது என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் போனவர்கள்தான்.

"என் பிள்ள என்ன உங்க கஸ்டமர் வண்டியான்னு கேட்டேன்மா. அதுக்கும் துண்டால கையத் துடைச்சுக்கிட்டுத்தான் நின்னாரு."

அம்மா கோபித்துக்கொண்டு செந்தூலில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். நான் அந்தப் பெண்ணையும் பார்த்திருக்கிறேன். ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டே விட்டேன், எனக்கு வாய் சும்மா இருக்காதே. அவள் கோபப்படவில்லை. அப்பா சொன்னது தப்பில்லை ஆன்டி, ஆனால் சொல்வதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றாள். அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போது எனக்கு மரியாதையோடு கொஞ்சம் பயமும் சேர்ந்துகொண்டது. இந்த மனிதர் வீட்டில் மனைவியாக நான் இருந்திருந்தால் ஒரு மாதத்தில் திரும்பி வந்திருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருடம் கழித்து பிரேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. கிள்ளான் ரவுண்டபவுட்டில் வண்டியைத் திருப்பும்போது மட்டும் பளிச்சென்று எரிந்து அணையும். ஹேண்ட்பிரேக் இறங்கித்தான் இருந்தது. வயர்மேன் வழக்கம்போல இடதுபக்கம் ஏறினார், நாலு சுற்றுச் சுற்றினோம், இறங்கினார். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். ஆயில் குறைந்திருந்தது. திரும்பும்போது ஆயில் ஒருபக்கம் சாய்வதால் விளக்கு எரிகிறது என்றார். அப்பாடா, ஊற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் ஊற்றினார், டப்பாவின் மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டார். "விளக்கு அணைஞ்சிருச்சு. ஆனா ஆயில் எங்க போச்சு?" என்றார்.

ஒரு வாரத்தில் ஆயில் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார்கள். எல்லாம் காய்ந்து கிடந்தன. தரையில் ஒரு சொட்டு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் வெள்ளைப் புகை வருகிறதா என்று கேட்டார். நான் அறுத்த இலையைப் பார்ப்பேனா, புகையைப் பார்ப்பேனா? நாள்காட்டித் தாள்களைக் கொடுத்தார். புகை வந்ததா, எப்போது வந்தது, எழுது என்றார். அது கல்யாண மாதம். தினம் இரண்டு நடை போய்க்கொண்டிருந்தேன். தாள்களை இலைக்கட்டுகளுக்கு நடுவில் எங்கோ போட்டுவிட்டேன். மறுவாரம் வெறுங்கையோடு போய் நின்றேன். வண்டியை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போ என்றார். இரண்டு நாளா, இலை வாடிப்போகும், கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று கத்தினேன். அவர் மறுபடி ஆயிலை ஊற்றி, ஒரு டின் ஆயிலையும் என்னிடம் கொடுத்து, தினமும் காலையில் திறந்து பார், குறைந்தால் ஊற்று, ஒருநாளும் தவறாதே என்றார்.

"காரணம்தான் என்னண்ணே?"

"இன்னும் தெரியல."

ஒரு யூகம்கூட இல்லையா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பானெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். உறுதியாகத் தெரியாமல் ஒன்றும் சொல்லக் கூடாது என்றார். நான் அவரிடம் போனது அதுதான் கடைசி. எனக்கு அலுத்துவிட்டது. அந்த வண்டியே அலுத்துவிட்டது.

ஒரு வேன் வாங்க முடிவு செய்து, பிக்கப்பை விற்றேன். கம்போங் மேடானிலிருந்து ஒரு பையன் வந்தான். பையன் என்றா சொல்வது, கல்யாணமானவன், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், தக்காளி, வெங்காயம் விற்பவன். லைசென்ஸ் எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாளை மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து எடுத்துக்கொள்கிறேன் அக்கா என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனான். திருப்பத்தில் விளக்கு எரிந்தால் பேரம் கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். அன்று மத்தியானமே வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் போய் பல்பைப் பிடுங்கச் சொன்னேன். அவன் இரண்டு நிமிடத்தில் பிடுங்கி என் கையில் கொடுத்தான். பட்டாணி அளவுதான் இருந்தது. வரும் வழியில் சாக்கடையில் போட்டேன்.

மறுநாள் அவன் மனைவியோடு வந்தான். எல்லாம் ஓக்கேவாக்கா என்று கேட்டான். நல்லா ஓடும் தம்பி என்றேன். அந்த ஆயில் டின் என் வீட்டு வாசலில்தான் இருந்தது. அதைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. கொடுத்தால் எதற்கு என்று கேட்பான், அதனால் கொடுக்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் பழைய கிள்ளான் சாலையில் ஒரு இறக்கத்தில் அந்த வண்டி நிற்காமல் போய், நின்றிருந்த லோரியின் பின்னால் மோதியது. அந்தப் பையனுடைய மனைவியின் அண்ணன், சரக்கு இறக்க உதவிக்கு வந்தவர், இடதுபக்கம் உட்கார்ந்திருந்தார். அங்கேயே போய்விட்டார். ஓட்டியவனுக்குக் கையில் கட்டு, அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸ் கடையில் இலை இறக்கும்போது முதலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாங்கியவன் புதுசு, தடுமாறிவிட்டானாம் என்றார். பல்பைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. வேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வயர்மேன் கிள்ளானில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பூசை முடிந்து நேராக வந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, தலையில் எண்ணெய். என் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை. உட்காரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் உள்ளே இருந்தார், அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. வயர்மேன் மெல்லிய குரலில்தான் பேசினார். செய்தி கேள்விப்பட்டதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை, வண்டி கிடக்கும் பழைய இரும்புக் கடையைத் தேடிப் போனேன், பிரேக்கின் மாஸ்டர் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன் என்றார். அதன் பின்பக்க ரப்பர் தேய்ந்து, ஆயில் வெளியே சொட்டாமல் பிரேக்குக்கு வலு கூட்டப் பக்கத்தில் இருந்த சர்வோவுக்குள்ளேயே கசிந்து, இன்ஜினோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போயிருக்கிறது. டப்பா காலி. அவன் மிதித்தபோது பெடல் தரைக்குப் போயிருக்கும். அப்புறம் மீட்டர் போர்டைக் கழற்றினேன், பிரேக் விளக்கின் பல்ப் இல்லை என்றார்.

போலீசுக்குப் பிடித்துக் கொடுக்க வந்தீர்களா என்று கேட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு முதலில் வந்த வார்த்தை அதுதான்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "அவன் பிரேக்குக்குப் பதிலா கிளட்ச்ச மிதிச்சிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான், தங்கச்சி."

போய்ப் பார்த்திருக்கிறார். வண்டி வேலை செய்பவன் என்று மட்டும் சொல்லிப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். பெடல் அவ்வளவு லேசாக உள்ளே போனது அங்கிள், கிளட்ச்தான் அப்படிப் போகும், நான் பயத்தில் கால் மாற்றி வைத்துவிட்டேன் என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். போலீசிலும் அப்படித்தான் சொன்னானாம். ஊரும் அதையே சொல்கிறது. மச்சானைக் கொன்றவன் என்று அவன் காது படவே பேசுகிறார்களாம். வேலைக்குப் போவதில்லை, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து வலது காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம்.

நீங்களே போய்ச் சொல்லிவிடுங்களேன் என்றேன்.

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பான். பல்பப் பிடுங்கினவங்க வாயால வரணும்."

நான் முடியாது என்றேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது, நாளைக்கு நாலு பேர் முகத்தில் விழிக்க வேண்டாமா என்றேன். அவர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்தார், காப்பி குடித்தார், போனார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். என் வீட்டுக்காரர் யார் இவர், எதற்கு வாராவாரம் வருகிறார் என்று கேட்க ஆரம்பித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைச் சபித்தேன். மிரட்டினால்கூடத் திருப்பிச் சண்டை போடலாம். இந்த மனிதர் சும்மா வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? நாலாவது ஞாயிறு அவர் வருவதற்கு முன்பே நான் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் முந்தின நாளே சொல்லிவிட்டிருந்தேன். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வயர்மேனின் பழைய காரில் போனோம். வழியில் நான் ஏதேதோ ஒத்திகை பார்த்தேன். நீங்கள் வெளியே காரில் இருங்கள், நான் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். இல்லை, எனக்கும் அங்கே வேலை இருக்கிறது என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கச் சாட்சிக்கு வருகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

கம்போங் மேடானில் பலகை வீடு. முன்னறையில் இறந்தவருடைய படம், மாலை காயாமல் இருந்தது. பையன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னை அடையாளம் தெரிந்து எழுந்து நின்று வாங்கக்கா என்றான். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. அவன் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. நின்றபடியே சொன்னேன். பிரேக் கோளாறு எனக்குத் தெரியும் தம்பி, விளக்கு எரியும், நீ பார்த்துவிடக் கூடாதென்று பல்பைப் பிடுங்கிவிட்டுத்தான் உனக்கு விற்றேன், உன் காலில் தப்பில்லை என்றேன்.

அவன் புரியாதவன் போல வயர்மேனைப் பார்த்தான். "நான் மிதிச்சது பிரேக்கா அங்கிள்?"

"பிரேக்தான் தம்பி. ஆயில் இல்ல. யார் மிதிச்சிருந்தாலும் நின்னிருக்காது."

அவன் மறுபடியும் அதையே கேட்டான். அவர் மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாவது முறையும் கேட்டான்.

அப்போதுதான் வயர்மேன் தன் வேலையைச் செய்தார். அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பி நின்றார். இந்தத் தங்கச்சி கடைசியாக வண்டியைக் கொண்டுவந்த அன்றைக்கே எனக்கு மாஸ்டர் பம்ப் மேல் சந்தேகம் இருந்தது அம்மா என்றார். புகை வருகிறதா என்று நான் கேட்டதே அதனால்தான். உறுதியாகத் தெரியவில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே சந்தேகத்தைச் சொல்லி, ஓட்டாதே என்று சாவியை வாங்கி வைத்திருந்தால் உங்கள் அண்ணன் இருந்திருப்பார் என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. காலமெல்லாம் எதை அவர் ஒழுக்கமாக வைத்திருந்தாரோ அதுவே அவரைக் குற்றவாளியாக்கிவிட்டது. நான் தாளில் எழுதி வராததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பெண் அண்ணன் படத்தைப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கேட்டீங்களா. பிரேக்கத்தான் மிதிச்சிருக்கீங்க."

அவன் அதுவரை அழவில்லை. அதற்குத்தான் உடைந்தான். நாற்காலியில் விழுந்து, வயர்மேனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசிட்டா அங்கிள், காரியம் முடிஞ்சதிலேர்ந்து இன்னிக்குத்தான் பேசறா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நாலு மாதம் ஒரே வீட்டில் அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்த ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் அதுதான் நடந்திருக்கிறது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். ஏசுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நிதானமாக, "அங்கிள், நீங்க உக்காருங்க. டீ போடறேன்" என்றாள். பிறகு என்னிடம், "நீங்க போங்கக்கா. இனிமே இங்க வராதீங்க" என்றாள்.

சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? செருப்பைத் தேடினேன், கண்ணுக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று தடவிக்கொண்டிருந்தபோது பின்னால் வயர்மேன் பேசுவது கேட்டது.

"நானும் அவங்களோட வந்தவன்தான்மா."

பையனின் கையை மெதுவாக எடுத்துவிட்டு வெளியே வந்தார். குனிந்து என் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தார். அவருக்கு அந்த வீட்டில் மன்னிப்பு கிடைத்துவிட்டது, உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம். என் அப்பனோ கட்டினவனோ எனக்காக அப்படி ஒரு வீட்டை விட்டு எழுந்து வந்திருக்க மாட்டார்கள்.